மலைக்குள் இருந்த தூண்

வெங்கட்ரமணன் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே அழகான பொய் அவர் வீட்டுச் செல்லாரில், தரையிலிருந்து கூரை வரைக்கும், பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் அதை மலை என்றார்கள். அடிவாரத்தில் ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன், சரிவில் மரத்தூளுக்குச் சாயம் ஏற்றி ஒட்டிய தேயிலைத் தோட்டம், இடுப்பில் ஒரு குகை, உச்சியில் இலவம்பஞ்சு மேகம். பொம்மை ரயில் ஒரு பக்கம் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அந்த மேகம் ஏன் கூரையைப் போய் முட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. மேகம் என்றால் மேலேதான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மலைக்குள் ஒரு இரும்புத் தூண் இருந்தது.

ஹைதராபாத்தில் வீட்டுக்கு அடியில் தோண்டிக் கட்டுகிற தளத்துக்குச் செல்லார் என்று பெயர். மல்காஜ்கிரியில் அந்த வீட்டைக் கட்டிய பில்டர் வரிசையாக ஒரே அச்சில் வீடுகள் கட்டி விற்றவன். செல்லார் விசாலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நடுச்சுவரை விட்டுவிட்டு, மேலே ஹாலின் தரையைத் தாங்குகிற பீமுக்கு ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வெங்கட்ரமணனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மத்திய அரசுத் தொழிற்சாலையில் காலமெல்லாம் மின் இணைப்புகளோடு மாரடித்தவர். பொம்மை ரயில் விட ஒரு தனி அறை வேண்டும் என்பது அவருடைய சின்ன வயது ஆசை. ஜெர்மனி போய்வந்த சக ஊழியர்கள் வாங்கி வந்த எஞ்சின்கள் பீரோவுக்குள் துணி சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தன. செல்லாரைப் பார்த்ததும் வீட்டை வாங்கிவிட்டார்.

குறை கண்டுபிடித்தவர் வாஸ்து பார்க்க வந்த சித்தாந்தி, அந்த ஊர் ஜோசியர். வீட்டின் நட்டநடுவில் இரும்பு நிற்பது வயிற்றில் முளை அடித்த மாதிரி, அது போகாதவரை இந்த வீட்டுப் பெண்ணுக்கு நல்ல காலம் பிறக்காது என்று தெலுங்கில் அடித்துச் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். ஜலஜா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். "ஒண்ணு அந்தத் தூண் இருக்கட்டும், இல்லேன்னா நான் இருக்கேன்."

வெங்கட்ரமணன் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினார். அந்த மனிதர் தூணைத் தட்டிப் பார்த்து, மேலே பீமை அண்ணாந்து பார்த்து, "சாப், இஸ்கோ ஹாத் நக்கோ லகாவ்" என்றார். கை வைக்காதே, வைத்தால் மேலே இருக்கிற ஹால் கீழே வந்துவிடும் என்று அர்த்தம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிற பொய்களுக்கு எவனும் எண்ணிக்கை சொல்லி வைக்கவில்லை. ஜலஜா சென்னைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு கோடை விடுமுறையில் மனுஷர் காரியத்தில் இறங்கினார். தூணைச் சுற்றிக் கோழி வலையைக் கட்டினார். பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் ஊறவைத்து மேலே மேலே ஒட்டினார். அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதன் மேல் பெயின்ட். குகைக்குள் தண்டவாளம் தூணைச் சுற்றி வளைந்து போனது, வெளியே பார்ப்பவர்களுக்கோ ரயில் நேரே போய் நேரே வருகிற மாதிரி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர்கள் வெங்கட்ரமணனைப் பார்த்ததில்லை.

ஊரிலிருந்து வந்த ஜலஜா, "தூண் எங்கே?" என்றாள்.

"எடுத்தாச்சு. பீமை ஸ்ட்ராங் பண்ணிட்டு எடுத்துட்டா. அந்த எடம் வெறிச்சுனு இருந்தது, அதான் மலை வெச்சேன்."

ஜலஜா மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். மாடியேறிப் போய்க் காப்பி கலந்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வருஷமே மகள் ஸ்ரேயாவுக்குக் கல்லூரியிலிருந்தபடியே மாதாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊரே கம்ப்யூட்டர் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம், கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ஜலஜா வரலக்ஷ்மி நோன்புக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த பெண்களிடமெல்லாம் தூண் போன கதையைச் சொன்னாள். பஜனையில் சொன்னாள். காய்கறிக் கடையில் சொன்னாள். அவள் சொல்லும்போதெல்லாம் வெங்கட்ரமணன் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்பார். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று, பெண்டாட்டி நிம்மதியாக இருக்கிறாள், வீடும் நிற்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வார். இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு சனிக்கிழமை மதியம், அவர் செல்லாரில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது சுதர்சன் வந்தான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன். அடுத்த தெருவில், அதே பில்டர் கட்டிய வீட்டைப் போன வருஷம்தான் பழைய சொந்தக்காரரிடமிருந்து வாங்கியிருந்தான். அமெரிக்காவில் எங்கோ பாங்குகள் கவிழ்ந்ததில் இங்கே அவன் கம்பெனியில் வேலை இல்லாமல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவன் மனைவி சுமதி ஜலஜாவிடம் மிகவும் ஒட்டுதலாக இருப்பாள். கைக்குழந்தைக்காரி, உறவென்று சொல்லிக்கொள்ள ஊரில் யாரும் இல்லாதவள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க சார்" என்றான் சுதர்சன், மலையைச் சுற்றிக் கண்ணை ஓட்டியபடி. "எங்க செல்லார்லயும் இந்த மாதிரி ஏதாச்சும் வெக்கலாமுங்க. இப்ப எடம் இருக்குது."

"எடம் ஏது? உங்க செல்லார்ல நடுவுல தூண் நிக்கறதே."

"காலைல எடுத்துட்டமுங்க சார்."

வெங்கட்ரமணன் கையிலிருந்த எஞ்சினைக் கீழே வைத்தார். வைத்தது தண்டவாளத்தில் இல்லை, அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

"என்ன சொல்றே?"

"வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து மேலயும் கீழயும் அறுத்து எடுத்தாச்சுங்க. அரை மணி நேர வேலை. சுமதிக்குத்தான் இதே நெனப்பு. உங்க வீட்ல தூணை எடுத்ததுக்கப்புறம்தான் ஸ்ரேயாவுக்கு வேலை கெடைச்சுதுன்னு ஆன்ட்டி சொன்னாங்களாம். எனக்கு இந்த வாஸ்து மேலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஆனா புதன்கெழமை ஒரு இன்டர்வியூ இருக்குது. எதுக்கு வம்புன்னு எடுத்துட்டன்."

"இன்ஜினியரைக் கேட்டியா?"

"எதுக்குங்க? உங்க வீடு ஏழு வருஷமா தூண் இல்லாம நிக்குது. அதே பில்டர், அதே பிளான். இதுக்கு மேல என்னங்க டெஸ்ட்டு வேணும்?" சுதர்சன் சிரித்தான். கம்ப்யூட்டர்க்காரன் மூளை அது. ஒரு இடத்தில் ஓடினால் இன்னொரு இடத்திலும் ஓடும் என்று நம்புகிற மூளை. தப்புச் சொல்ல முடியாது. அவனுக்குக் காட்டிய இடத்தில் அது ஓடவே இல்லை என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

வெங்கட்ரமணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒடனே முட்டுக் குடு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "சவுக்குக் கட்டை, ஜாக்கி, ஏதாவது. இப்பவே போ."

"ஏனுங்க சார், உங்க வீட்ல எந்த முட்டும் இல்லீங்களே."

அந்த ஒரு கணம் அவருக்கு வழி இருந்தது. உங்கள் வீட்டு மண் வேறு, கம்பி வேறு என்று எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவன் நம்பமாட்டான் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நின்றுகொண்டிருக்கிற வீட்டைக் காட்டிலும் பெரிய சாட்சி எதுவும் இல்லை, அந்தச் சாட்சியைப் பொய்ச்சாட்சி என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது.

மேஜை மேல் சுத்தியல் கிடந்தது. எடுத்து, தன் மலையின் நெற்றியில் ஓங்கி ஒன்று போட்டார். பிளாஸ்டர் தெறித்தது. தேயிலைத் தோட்டம் பெயர்ந்து ஸ்டேஷன் மேல் விழுந்தது. கோழி வலையைக் கையால் பிடித்துக் கிழித்தார், கம்பி குத்தி ரத்தம் வந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. உள்ளே, கறுப்பு பெயின்ட் கொஞ்சமும் மங்காமல், தூண் நின்றது.

சுதர்சன் அதைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் எடுக்கவே இல்லைடா" என்றார் வெங்கட்ரமணன். "பொய் சொன்னேன். எடுத்தா ஹால் விழுந்துடும்னு இன்ஜினியர் சொல்லிட்டார்."

சத்தம் கேட்டு ஜலஜா படியிறங்கி வந்தாள். உடைந்த மலையையும் உள்ளே இருந்த தூணையும் பார்த்தாள். அவள் கத்துவாள், அழுவாள், தன்னை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள் என்று வெங்கட்ரமணன் ஏழு வருஷமாக எதிர்பார்த்திருந்த நேரம் அது. அவள் அப்படியே நின்றாள். பாவம், விக்கித்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"இவா ஆத்துத் தூணைக் காலம்பற அறுத்துட்டாளாம்" என்றார்.

ஜலஜாவின் கை படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. "சுமதி எங்கே?" என்றாள். "கொழந்தை எங்கே?"

"வீட்லதாங்க" என்றான் சுதர்சன். அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தான். ஓடிக்கொண்டே செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் அவர்கள் இருவரும் செருப்பில்லாமல் ஓடினார்கள். மூட்டுவலிக்காரி ஜலஜா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

"சுமதி, வெளிய வா. பாப்பாவை எடுத்துட்டு ஒடனே வெளிய வா."

"எதுக்குங்க? பாப்பா இப்பத்தான் தூங்குனா." போனில் சுமதியின் குரல் சாதாரணமாக இருந்தது. "முன்கதவு தொறக்கவே மாட்டேங்குது. நானும் இழுத்து இழுத்துப் பாக்கறன். ஹால்ல டைல்ஸ் வேற வெடிச்சிருக்குது, வெயிலுக்குன்னு நெனக்கறன்."

கதவு மாட்டிக்கொள்கிறது என்றால் நிலை கோணிவிட்டது. நிலை கோணிவிட்டது என்றால் தரை இறங்குகிறது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு வெளியே இருந்து பார்க்க எப்போதும் போலத்தான் இருந்தது. வாசலில் கோலம் அழியவில்லை. சுதர்சன் கதவில் தோளால் மோதப் போனான், வெங்கட்ரமணன் அவனைப் பிடித்து இழுத்தார். "மோதாதே. அதிரும்." ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தார்கள். ஹாலின் குறுக்கே, சுவருக்குச் சுவர், டைல்ஸ் வெடித்து ஒரு கோடு ஓடியிருந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் தரை உள்வாங்கியிருந்தது. நட்டநடுவில், கூரைக் கொக்கியிலிருந்து தொங்கிய புடவைத் தூளியில் குழந்தை ரஷ்மி தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் போனோடு நின்றுகொண்டிருந்த சுமதி, இவர்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"தரை விழப்போறது" என்றார் வெங்கட்ரமணன். மெதுவாகச் சொல்ல நேரம் இல்லை.

சுமதி தூளியைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தாள். காலடியில் ஏதோ நெரிந்தது. செல்லாருக்குள் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எடுத்த அடுத்த கால் அந்தரத்தில் நின்றது.

"சுமதி, அங்கயே நில்லு" என்று ஜலஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. "சமையல் பண்ணிண்டே தூளியை ஆட்டுவியே, அந்தக் கயிறு எங்கே?"

தூளியின் அடியில் முடிந்த நூல்கயிறு ஒன்று தரையோடு தரையாகச் சமையலறைக்குள் போயிருந்தது. கைவேலையாக இருக்கும்போது குழந்தை சிணுங்கினால் அங்கிருந்தே இழுத்து ஆட்டுவதற்காகக் கட்டியது. சுமதி குனிந்து அதை எடுத்தாள்.

"இழு. வேகமா வேண்டாம். ஆட்டற மாதிரியே இழு."

சுமதி இழுத்தாள். தூளி அவள் பக்கம் ஆடி வந்தது, எட்டவில்லை. திரும்பப் போனது. மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை தூளியின் ஓரம் விரலில் பட்டு நழுவியது. சுதர்சன் கண்ணை மூடிக்கொண்டான். வெங்கட்ரமணனால் கண்ணை மூட முடியவில்லை. மூன்றாம் தடவை புடவை அவள் பிடியில் சிக்கியது. வாசற்படியில் ஒரு காலை ஊன்றி, உள்ளே கைவிட்டு, தூக்கம் கலையாத குழந்தையை அப்படியே வாரி எடுத்தாள்.

"பின்கதவு. போ."

அவள் பின்பக்கமாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து சேர்ந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுதர்சன் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒருவேளை நிக்குமுங்களா சார்?" என்று கேட்டான். வெங்கட்ரமணன் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள் பலகை முறிகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. பிறகு ஹால் செல்லாருக்குள் இறங்கியது. தெருவே அதிர்ந்தது. எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே சமயத்தில் வெள்ளைப் புழுதி வெளியே தள்ளியது. ரஷ்மி விழித்துக்கொண்டு வீறிட்டாள். புழுதி அடங்கியபோது உள்ளே தரை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. சோபா, டிவி எல்லாம் அதற்குள் கிடந்தன. மேலே வெறும் தூளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சுமதியை எதிர்வீட்டுப் படியில் உட்கார்த்தி வைத்தார்கள். ஜலஜா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். தட்டிக் கொடுக்க, ரஷ்மியின் அழுகை விசும்பலாகி, பிறகு நின்றது.

சுதர்சன் நேரே வெங்கட்ரமணனிடம் வந்தான். அடிப்பான் என்றுதான் அவர் நினைத்தார். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

"என்ற பொண்டாட்டி, என்ற கொழந்தைங்க சார்" என்றான்.

"தப்பு என்னோடது" என்றார் வெங்கட்ரமணன். "நான் மறைச்சேன். ஜலஜாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவ நான் சொன்னதை நம்பித்தான் ஊரெல்லாம் சொன்னா. அவளை ஒண்ணும் சொல்லாதே."

சுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆன்ட்டியை நாங்க எதுக்குங்க சொல்லப்போறம்?" என்றாள். "கயிறு ஞாபகம் வந்தது அவங்களுக்குத்தானுங்க. எங்களை ஏமாத்துன மாதிரி அவங்களையும்தானுங்க ஏமாத்தியிருக்கீங்க." ஜலஜாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த ஊரில் அவளுக்குச் சாய்வதற்கு இருந்த ஒரே தோள் அது.

ஜலஜா எதிரே இருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

வெங்கட்ரமணன் தனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார்.

"மலை வெச்ச வருஷமே தெரியும். கொலு சமயத்துல சீரியல் லைட் மாட்டறதுக்கு உச்சியில, மேகத்துக்குக் கீழே ஆணி அடிச்சேன். உள்ள எறங்காம வளைஞ்சுடுத்து. இன்னொரு எடத்துல அடிச்சேன், அதுவும் வளைஞ்சுடுத்து."

"அப்பவே ஏன் கேக்கலை?" என்றார் அவர். கேட்டிருக்கவே கூடாத ஆள் கேட்ட கேள்வி அது.

"கேட்டா என்ன சொல்லியிருப்பேள்? அதுக்குள்ள நாலு பேர்கிட்ட தூண் போயிடுத்துன்னு சொல்லியாச்சு. ஆத்துக்காரர் என்னை முட்டாளாக்கிட்டார்னு அவாகிட்டப் போய்ச் சொல்லச் சொல்றேளா? உங்க மானமும் போகும், என் மானமும் போகும். அதனால போயிடுத்துன்னே சொல்லிண்டிருந்தேன். ஸ்ரேயாவுக்கு வேலை கெடைச்சதும், எல்லாரும் ஆசையாக் கேட்டா, இன்னும் அழகாச் சொன்னேன்."

ஏழு வருஷம் ஒரே மலையின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேரும் அதைக் கட்டியிருக்கிறார்கள் என்பது வெங்கட்ரமணனுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், அதற்கு விலையாகப் போகவிருந்தது யாருடைய குழந்தையோ.

சுமதி தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"நேத்து நான் வந்து கேட்டனே ஆன்ட்டி" என்றாள். மிகவும் மெதுவாகத்தான் கேட்டாள். "எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்களான்னு உங்க கையைப் புடிச்சுக் கேட்டனே."

"கேட்டே."

"அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"நீ நெஜமா அறுப்பேன்னு நான் நெனக்கலைடி" என்றாள் ஜலஜா. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

சுமதி எழுந்தாள். குனிந்து ஜலஜாவின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். ரஷ்மி தூக்கத்தில் ஜலஜாவின் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். சுமதி அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய் நின்றாள்.